கட்டிப்போட கையெழுத்து கேட்டார்கள்... போட மறுத்தார் டாக்டர்! மனநல மருத்துவமனையின் கதவைத் திறந்த பிராங்கோ பசாலியா யார்?

1961 நவம்பர். இத்தாலியின் வடகிழக்கு மூலையில், அப்போதைய யூகோஸ்லாவியா எல்லையை ஒட்டிய சின்ன ஊர் கொரிட்சியா. அங்குள்ள அரசு மனநல மருத்துவமனைக்குப் புதிய டைரக்டர் வந்திருக்கிறார். தலைமை நர்ஸ் வழக்கம்போல ஒரு ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து நீட்டுகிறார். முந்தைய இரவு எந்தெந்த நோயாளிகளைக் கட்டிலோடு கட்டிப்போட்டார்கள் என்ற பட்டியல் அது. டைரக்டர் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

அவர் போடவில்லை. மாட்டேன் என்று சொல்லி ரிஜிஸ்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த டைரக்டர்தான் பிராங்கோ பசாலியா. அன்று அவருக்கு வயது 37. அடுத்த 17 வருஷத்தில் இத்தாலி நாடாளுமன்றம், இனி புதிதாக மனநோய் விடுதியே கட்டக்கூடாது என்று சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தை இன்றைக்கும் மக்கள் பசாலியா சட்டம் என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு கையெழுத்தில் ஆரம்பித்த விஷயம் எப்படிச் சட்டம் வரைக்கும் போனது? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த பசாலியா?

1924 மார்ச் 11-ம் தேதி வெனிஸ் நகரில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். படிக்கும்போதே முசோலினியின் பாசிச ஆட்சியை எதிர்த்த மாணவர்களோடு சேர்ந்துகொண்டார். 1944-ல் கைது செய்யப்பட்டு, போர் முடியும் வரை சில மாதங்கள் சிறையில் இருந்தார்.

பிறகு பதுவா பல்கலைக்கழகத்திலேயே மனநல மருத்துவராக வேலை. நோயைப் பற்றிப் படித்ததோடு தத்துவமும் நிறைய படித்தார். கூட இருந்தவர்கள் அவரைத் தத்துவவாதி என்றே கூப்பிட்டார்கள். அதில் பாராட்டும் இருந்தது, கிண்டலும் இருந்தது. பேராசிரியர் பதவிக்கு வழி இல்லை என்று ஆனபோதுதான், யாரும் விரும்பிப் போகாத கொரிட்சியாவுக்கு டைரக்டராகக் கிளம்பினார்.

முதல் நாள் உள்ளே போனதும் மூக்கில் அடித்த நாற்றம், அவருக்குப் பழைய சிறையைத்தான் ஞாபகப்படுத்தியது. சிறையில் அவர் கைதி. இங்கே சாவிக்கொத்து அவர் கையில்.

அங்கே நிலைமை எப்படி இருந்தது?

அப்போது இத்தாலியில் நடைமுறையில் இருந்தது 1904-ம் வருஷத்துச் சட்டம். ஒருவர் தனக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்தானவர், அல்லது பொது இடத்தில் அவமானம் ஏற்படுத்துகிறவர் என்று முடிவானால் உள்ளே போட்டுவிடலாம். குணப்படுத்துவது இரண்டாம்பட்சம். ஊரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. உள்ளே போனவரின் பெயர் குற்றப் பதிவேட்டிலும் ஏறும். 1960-களில் நாடு முழுக்கச் சுமார் 1 லட்சம் பேர் இப்படி அடைபட்டுக் கிடந்தார்கள்.

சரி, நர்ஸ்கள் ஏன் கட்டிப்போட்டார்கள்? அவர்கள் எல்லாம் கொடுமைக்காரர்களா?

அப்படி இல்லை. பசாலியா முதலில் புரிந்துகொண்ட விஷயமே இதுதான். ஒரு நோயாளி தப்பித்துப் போனாலோ, யாரையாவது அடித்துவிட்டாலோ, அன்றைக்கு டியூட்டியில் இருந்த நர்ஸ்தான் பதில் சொல்ல வேண்டும். வழக்கு வந்தாலும் வரலாம். நோயாளியை வெளியே தோட்டத்தில் நடக்கவிட்டு, அவர் நன்றாகத் திரும்பி வந்தால் ஒரு பாராட்டும் கிடையாது. பூட்டி வைத்த நர்ஸுக்கு ஒரு கேள்வியும் வராது. அந்த நிலைமையில் யாராக இருந்தாலும் பூட்டத்தான் செய்வார்கள்.

அதனால், பூட்டாதே என்று சர்க்குலர் அனுப்பினால் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஏதாவது நடந்தால் பொறுப்பை டைரக்டர் தன் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கையெழுத்தை மறுத்ததன் உண்மையான அர்த்தம் அதுதான்.

கொரிட்சியாவில் என்ன மாற்றினார்?

எல்லாம் ஒரே நாளில் நடக்கவில்லை. வார்டு வார்டாகக் கதவைத் திறந்தார்கள். வேலிகளை எடுத்தார்கள். டாக்டர்கள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்தார்கள். நோயாளிகளுக்குச் சொந்த உடை, சீப்பு, பூட்டு போட்ட சிறு அலமாரி போன்றவை கிடைத்தன. நமக்கு இது சாதாரணம். பத்து, இருபது வருஷமாக விடுதி உடையிலேயே இருந்தவருக்கு அது பெரிய விஷயம்.

அடுத்து வந்ததுதான் முக்கியமான மாற்றம். தினமும் காலையில் பொதுக்கூட்டம். நோயாளிகள், நர்ஸ்கள், டாக்டர்கள் எல்லோரும் ஒரே ஹாலில் உட்காருவார்கள். வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. கூட்டத்தை நடத்துவது நோயாளிகள். சாப்பாடு, சிகரெட், சுற்றுலா, வேலைக்கான கூலி என எதை வேண்டுமானாலும் பேசலாம். சில நாள் சண்டையிலும் முடியும்.

கூட்டம் முடிந்ததும் ஊழியர்கள் தனியாக உட்கார்ந்து, என்ன நடந்தது, யார் யாரைப் பேசவிடாமல் செய்தார்கள், நாம் எங்கே தவறினோம் என்று அலசுவார்கள். டாக்டர் சொன்னதை நர்ஸ் மறுத்துப் பேசலாம். அந்தக் காலத்து மருத்துவமனையில் இது நினைத்தே பார்க்க முடியாத ஒன்று.

ஸ்காட்லாந்தில் மேக்ஸ்வெல் ஜோன்ஸ் என்ற மனநல மருத்துவர் நடத்திய சிகிச்சைச் சமூக முறையிலிருந்து பசாலியா நிறைய எடுத்துக்கொண்டார். மனைவி பிராங்கா ஒங்காரோவும் இதில் சமபங்காளி. மனநோய் விடுதிகளைப் பற்றி அமெரிக்கச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தை இத்தாலிய மொழிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

1968-ல் கொரிட்சியா அனுபவத்தைக் குழுவாக எழுதிப் புத்தகமாக வெளியிட்டார்கள். மறுக்கப்பட்ட நிறுவனம் என்பது அதன் தலைப்பின் பொருள். இத்தாலி முழுக்க மாணவர்கள் போராட்டத்தில் இறங்கியிருந்த நேரம். புத்தகம் பரபரப்பாக விற்றது. பசாலியா நாடறிந்த ஆள் ஆனார்.

அதே வருஷம் விழுந்த அடி

1968 செப்டம்பரில் ஒரு நோயாளி ஒருநாள் அனுமதியில் வீட்டுக்குப் போனார். அங்கே தன் மனைவியைக் கோடாரியால் வெட்டிக் கொன்றுவிட்டார்.

எதிர்ப்பாளர்கள் காத்திருந்த சந்தர்ப்பம் இது. பசாலியா மீது வழக்குப் பாய்ந்தது. கடைசியில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனாலும் ஒரு பெண்ணின் உயிர் போனது போனதுதான். கதவைத் திறந்ததால்தான் இது நடந்தது என்று ஒரு தரப்பு சொன்னது. வெளியே வருகிறவரையும் அவருடைய வீட்டாரையும் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஊருக்குள் ஓர் அமைப்பு இல்லையே என்ற கேள்வியும் எழுந்தது.

விடுதிக்குள் எவ்வளவு நன்றாக மாற்றினாலும் சுவருக்கு வெளியே ஆள் இல்லையென்றால் வேலை பாதியில் நிற்கும். இந்தப் பாடத்தோடுதான் அவர் கொரிட்சியாவை விட்டுக் கிளம்பினார். நடுவில் பார்மா அருகே கொலோர்னோவில் கொஞ்ச காலம் டைரக்டராக இருந்தார்.

ட்ரியெஸ்தேயில் நடந்தது என்ன?

1971-ல் ட்ரியெஸ்தே மாகாண நிர்வாகத்தின் தலைவர் மிக்கேலே சனெத்தி, பசாலியாவை சான் ஜொவான்னி மருத்துவமனைக்கு டைரக்டராக அழைத்தார். சனெத்தி கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர், பசாலியா இடதுசாரி. ஆனாலும் சனெத்தி அவருக்குச் சுதந்திரமாக வேலை செய்ய இடம் கொடுத்தார். அப்போது உள்ளே கிட்டத்தட்ட 1,200 பேர்.

பசாலியா முதலில் கைவைத்தது ஊழியர்களைப் பிரித்த விதத்தில். பழைய முறையில் அமைதியானவர்கள் ஒரு வார்டு, முரடர்கள் ஒரு வார்டு, படுக்கையை அசுத்தம் செய்கிறவர்கள் ஒரு வார்டு. அதை அழித்துவிட்டு, ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். ஒரு பகுதியிலிருந்து வந்த நோயாளிகள் எல்லோருக்கும் ஒரே குழு பொறுப்பு. ஒருவர் உள்ளே இருந்தாலும் வீட்டுக்குப் போனாலும், அதே டாக்டர், அதே நர்ஸ்தான் பார்ப்பார்கள். வார்டைக் காவல் காத்த நர்ஸ் இப்போது பஸ் ஏறி நோயாளியின் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

அடுத்தது கூலி. மருத்துவமனையைக் கூட்டுவது, துடைப்பது எல்லாம் நோயாளிகளே செய்துவந்தார்கள். சிகிச்சை என்று பெயர், சம்பளமாகக் கிடைப்பது சில சிகரெட். அவர்களையே உறுப்பினர்களாக வைத்து ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவானது. அதே வேலை ஒப்பந்த வேலையானது, முறையான சம்பளம் வந்தது.

டிஸ்சார்ஜ் ஆகியும் போக இடமில்லாதவர்கள் விருந்தாளி என்ற பெயரில் வளாகத்திலேயே தங்கலாம். சாவி அவர்கள் கையில். சிலருக்கு ஊருக்குள் வாடகை வீடு பிடித்துக் கொடுத்தார்கள்.

ஊரே பார்த்த நீலக் குதிரை

அந்த மருத்துவமனையில் துணி வண்டி இழுத்த குதிரை ஒன்று இருந்தது. பெயர் மார்க்கோ. வயதானதும் அதை அடிமாட்டுக்கு அனுப்புவது போல அனுப்பப் பார்த்தார்கள். நோயாளிகள் மனு எழுதி அதைக் காப்பாற்றினார்கள்.

1973-ல் கலைஞர்களோடு சேர்ந்து அந்தக் குதிரையின் ஞாபகமாக மரத்திலும் காகிதக் கூழிலும் பிரம்மாண்டமான ஒரு நீலக் குதிரையைச் செய்தார்கள். வெளியே போய் என்ன செய்ய ஆசை என்ற விருப்பங்கள் அதன் வயிற்றில். ஆனால் குதிரை வாசல் வழியாக வெளியே போகவில்லை, அவ்வளவு பெரிது. வாசலை இடித்துத்தான் வெளியே கொண்டுபோனார்கள். பின்னால் நோயாளிகள், நர்ஸ்கள், டாக்டர்கள் ஊர்வலமாக நகரத்துக்குள் நடந்தார்கள். அதுவரை சுவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத ஊர் அவர்களை நேரில் பார்த்தது.

1975 முதல் ஊருக்குள் மனநல மையங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. 1977 ஜனவரியில், மருத்துவமனையை மூடப்போகிறோம் என்று பசாலியா அறிவித்தார்.

சட்டம் 180 என்ன சொல்கிறது?

1904 சட்டத்தை நீக்க வேண்டும் என்று ரேடிகல் கட்சி கையெழுத்து வாங்கி, நாடு தழுவிய வாக்கெடுப்புக்கு வழி செய்தது. அதைத் தவிர்க்க நாடாளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1978 மே 13-ல் சட்டம் 180 வந்தது. முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோ கொல்லப்பட்டு, அவரது உடல் கிடைத்து 4 நாள்தான் ஆகியிருந்தது.

முக்கிய அம்சங்கள் இவை:

* புதிய மனநோய் விடுதி கட்டக்கூடாது. இருப்பவற்றைப் படிப்படியாக மூட வேண்டும்.
* சிகிச்சை முதன்மையாக ஊருக்குள் இருக்கும் மையங்களில்.
* கட்டாய சிகிச்சை என்றால் டாக்டர்கள் பரிந்துரைத்து மேயர் உத்தரவிட வேண்டும். நீதிபதி சரிபார்க்க வேண்டும். 7 நாளுக்கு மேல் போனால் மறுபடியும் காரணம் சொல்ல வேண்டும்.
* பொது மருத்துவமனையில் மனநல வார்டு இருக்கலாம், 15 படுக்கைக்கு மேல் கூடாது.

சட்டத்தின் வாசகத்தை எழுதியவர் பசாலியா இல்லை. அதில் அவருக்குக் குறைகளும் தெரிந்தன. ஆனால் ட்ரியெஸ்தேயில் செய்து காட்டியது இல்லாமல் அந்தச் சட்டம் வந்திருக்காது.

பிறகு என்ன ஆனது?

1979-ல் ரோம் நகரம் உள்ள லாட்சியோ பிராந்தியத்தின் மனநலச் சேவைகளைப் பார்த்துக்கொள்ளப் போனார். அங்கே வேலையை முழுதாகத் தொடங்கும் முன்பே மூளையில் கட்டி. 1980 ஆகஸ்ட் 29-ல் வெனிஸில் இறந்தார். வயது 56.

சட்டம் வந்த வேகத்தில் மையங்கள் வரவில்லை என்பதுதான் கசப்பான உண்மை. பல பிராந்தியங்களில் பணமும் ஆளும் ஒதுக்கவில்லை. விடுதிக் கதவு மூடியது, ஊருக்குள் கதவு திறக்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் குடும்பத்தினர். கடைசி விடுதிகள் காலியாக 1990-களின் இறுதி ஆனது. செனட்டரான பிராங்கா ஒங்காரோ, சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்த வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடினார்.

ட்ரியெஸ்தேயில் மட்டும் கதை வேறு. 24 மணி நேரமும் திறந்திருக்கும் மையங்கள், ஒவ்வொன்றிலும் சில படுக்கைகள், பூட்டாத கதவு. உலக சுகாதார அமைப்பு அதைத் தன் கூட்டு மையமாக ஏற்றுக்கொண்டது. பல நாடுகளிலிருந்து டாக்டர்களும் நர்ஸ்களும் அங்கே பார்க்க வந்தார்கள்.

சான் ஜொவான்னி வளாகம் இப்போது பொதுப் பூங்கா. பழைய வார்டுகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான ரோஜாச் செடிகள். வாசலில் ரிஜிஸ்டர் கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம்.