திருநாளுக்குப் புதுப் பொருள் சொன்ன பண்டிதர்

ஊரெல்லாம் திருவிழா! ஆனால் அந்தக் காலத்தில், தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கோயிலுக்குள் போகக் கூடாது என்றிருந்தது. அவர்களுக்கு எது பண்டிகை?

இதற்கு விடை தேடியவர் அயோத்திதாசப் பண்டிதர்.

1845-ம் ஆண்டு பிறந்த அவருடைய இயற்பெயர் காத்தவராயன். தமிழ் கற்பித்த ஆசிரியரின் பெயரைத் தம் பெயராக வைத்துக்கொண்டார். சித்த வைத்தியத்தில் கைதேர்ந்தவர்.

1898-ம் ஆண்டு கர்னல் ஆல்காட்டின் உதவியோடு கொழும்புக்குப் போனார். சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுப் பவுத்தரானார். சென்னை திரும்பி, ராயப்பேட்டையில் சாக்கிய பவுத்த சங்கத்தை நிறுவினார். கோலார் தங்கவயல், ரங்கூன் முதலிய இடங்களிலும் கிளைகள் தோன்றின.

வைகாசிப் பவுர்ணமி சங்கத்தாருக்குப் பெருநாள். புத்தர் பிறந்ததும், ஞானம் பெற்றதும், மறைந்ததும் அந்த நாளில்தான் என்பது பவுத்தர்களின் நம்பிக்கை.

1907-ம் ஆண்டு 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். வீட்டுக்கு வீடு கொண்டாடும் பண்டிகைகளுக்கு அதில் புதுப் பொருள் சொன்னார்.

போகி என்பது போதிப் பண்டிகையாம். தீபாவளி, எள்ளில் எண்ணெய் எடுக்கக் கண்டுபிடித்த நாளாம். கார்த்திகை தீபம், ஆமணக்கு எண்ணெயால் வந்ததாம். எல்லாம் பவுத்தத் துறவிகள் தந்தவை என்று வாதாடினார்.

இதை ஆராய்ச்சியாளர் எல்லோரும் ஏற்பதில்லை. ஆனால் வாசலில் நிறுத்தப்பட்ட மக்களுக்கு, இந்தத் திருநாட்கள் நம்முடையவை என்ற தைரியம் பிறந்தது.

1914-ம் ஆண்டு மே 5-ந் தேதி பண்டிதர் காலமானார். அவர் தந்த தைரியம் மறையவில்லை.