சீட்டில் கிடைத்த இடம்

கார் பந்தயத்தில் முன்வரிசையில் நிற்பது யார்? இத்தாலி வீரர் தாசியோ நுவோலாரியின் காலத்தில் பல பந்தயங்களில் இதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள்!

மாந்துவா நகருக்கு அருகே 1892-இல் பிறந்த நுவோலாரி, முதலில் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் புகழ் பெற்றார். பிறகு கார் பந்தயங்களுக்கு வந்தார்.

சீட்டு முறையில், வேகமான வீரரும் கடைசி வரிசையில் நிற்க நேரிடும். மொனாக்கோவின் குறுகிய தெருக்களில் முந்துவதோ மிகவும் கடினம். 1933-இல் அங்கே விதி மாறியது. பயிற்சியில் மிகக் குறைந்த நேரத்தில் சுற்றி வந்தவருக்கே முதலிடம். அதைப் பெற்றவர் நுவோலாரியின் போட்டியாளர் வார்ட்சி. 100 சுற்றுகள் கொண்ட பந்தயத்தில் இருவரும் மாறி மாறி முந்தினர். கடைசிச் சுற்றில் நுவோலாரியின் கார் பழுதானது, வார்ட்சி வென்றார்.

1935-இல் ஜெர்மனியில் மீண்டும் குலுக்கல். நுவோலாரிக்கு முன்வரிசை கிடைத்தது. ஆனால், எரிபொருள் பம்ப் பழுதாகி 2 நிமிடங்களுக்கு மேல் வீணானது. சீட்டில் கிடைத்த இடம் போயே போய்விட்டது! 42 வயது நுவோலாரி மனம் தளரவில்லை. வேகம் குறைந்த தன் காரில் ஒவ்வொருவராக முந்தினார். கடைசிச் சுற்றில், முன்னால் சென்றவரின் டயர் வெடிக்க, நுவோலாரி வெற்றி பெற்றார்.

அவர் 1953-இல் மறைந்தார். சீட்டு எல்லாருக்கும் ஒரே வாய்ப்பைத் தந்தது. நேரக் கணக்கு திறமையை மதித்தது. எது நியாயம்? நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்!