காய்ச்சலின் தடம் தேடிய வைத்தியர்

கீரிமலைக் கேணியில் நீராடியதால் நகுல முனிவரின் கீரிமுகமும் மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகமும் மாறின என்பது ஐதீகம். தீராத நோய் ஒருநாள் தீரும் என்ற நம்பிக்கை எங்கள் மண்ணில் அவ்வளவு பழையது. அந்தக் கேணியிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில், தெல்லிப்பழையில், இன்று புற்றுநோய் வைத்தியசாலை இயங்குகிறது. புற்றுநோய்க் கட்டி தானாகக் கரைந்தது என்ற செய்தியை அற்புதம் என்று கும்பிடாமலும், பொய் என்று தள்ளாமலும், காரணம் தேடிப் போனவர் அமெரிக்க வைத்தியர் வில்லியம் கோலி.

1862இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்த கோலி, 1888இல் ஹார்வார்டில் மருத்துவப் பட்டம் பெற்று நியூயோர்க்கில் சத்திரசிகிச்சை நிபுணரானார். 1890இல் அவரிடம் 17 வயதுப் பெண்ணொருவர் வந்தார். கையில் எலும்போடு ஒட்டிய புற்றுக்கட்டி. முழங்கைக்குக் கீழே கையை அகற்றியும் நோய் உடலெங்கும் பரவியது. 1891 ஜனவரியில் அவர் இறந்தார்.

அந்தச் சாவு கோலியை உலுப்பியது. வைத்தியசாலையின் பழைய கோப்புகளைப் புரட்டினார். ஒரு கோப்பில் விசித்திரமான பதிவு இருந்தது. கழுத்தில் புற்றுக்கட்டியோடு பலமுறை வெட்டப்பட்ட ஒரு ஜேர்மன் குடியேறி. இனி வழியில்லை என்று கைவிடப்பட்டவர். அவருக்குத் தோல் சிவந்து வீங்கிக் கடும் காய்ச்சல் தரும் கிருமித்தொற்று ஏற்பட்டது. காய்ச்சல் தணிந்தபோது கட்டியும் மறைந்திருந்தது. ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஏழைக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த தெருக்களில் வீடு வீடாகத் தேடி, கோலி அந்த மனிதரைக் கண்டுபிடித்தார். உயிரோடு, நோயின்றி இருந்தார்.

அதன்பின் கோலி நோயாளிகளுக்கு உயிருள்ள கிருமியையே ஊசியால் ஏற்றினார். சிலருக்குக் கட்டி சுருங்கியது. சிலர் தொற்றினாலேயே இறந்தனர். ஆகவே கொல்லப்பட்ட இரு வகைப் பக்டீரியாக்களின் கலவைக்கு மாறினார். 1893இல் வயிற்றில் பெருங்கட்டியோடு வந்த 16 வயது இளைஞன் அதனால் குணமடைந்து, மேலும் 26 ஆண்டுகள் வாழ்ந்தான்.

நடந்தது என்ன? புற்றுக்கலம் வெளியிலிருந்து வந்த எதிரியல்ல. எங்கள் சொந்தக் கலமே தடம் மாறியது. அதனால் உடலின் காவற்கலங்கள் அதை எளிதில் இனங்காண்பதில்லை. இனங்கண்டு வந்தாலும், கட்டி அவற்றின் மேற்பரப்பிலுள்ள தடைப்பொத்தானை அழுத்தித் திருப்பி அனுப்பிவிடும். மருத்துவ உலகம் இந்த இடங்களைச் சோதனைச்சாவடிகள் என்றே அழைக்கிறது. கோலியின் கிருமிக்கலவை உறங்கிய காவலை உசுப்பியிருக்க வேண்டும் என்பதே இன்றைய விளக்கம். அவர் காலத்தில் இதை விளக்க அறிவியல் வளரவில்லை.

எதிர்ப்பு கடுமையாக வந்தது. ரேடியத்தை நம்பிய நோயியல் நிபுணர் ஜேம்ஸ் யூயிங், அவர் பணியாற்றிய வைத்தியசாலையிலேயே எதிர்த்தார். குறை கோலியிடமும் இருந்தது. கலவையைப் பலவிதமாக மாற்றினார். எல்லா நோயாளிகளையும் தொடர்ந்து பதியவில்லை. அதனால் மற்றவர்களால் அவரது முடிவுகளைச் சரிபார்க்க முடியவில்லை. 1936இல் அவர் இறந்தபோது, கதிர்வீச்சே முன்னணியில் நின்றது.

மகள் ஹெலன் தந்தையின் பதிவுகளையும் கடிதங்களையும் திரட்டி, நோயாளிகளின் வரலாற்றை ஒவ்வொன்றாகக் கோத்து, 1953இல் புற்றுநோய் ஆய்வு நிறுவனமொன்றைத் தொடங்கினார். 2018இல் அந்தத் தடைப்பொத்தான்களை விடுவிக்கும் வழி கண்ட ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொஞ்சோ இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இம்மருந்துகள் எல்லோருக்கும் பலிப்பதில்லை. விலையும் மிக அதிகம். வெறும் காய்ச்சல் புற்றுநோய்க்கு மருந்துமல்ல. புற்றுநோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு ஓடியவர்களும், வன்னியில் இடம் மாறி மாறி அலைந்தவர்களும் காணி உறுதிகளோடு மருத்துவப் பதிவுகளையும் இழந்தவர்கள். எந்தக் கட்டி எப்போது வந்தது, என்ன மருந்து ஏற்றப்பட்டது என்பது நினைவில் மட்டுமே எஞ்சியவர்கள் பலர். கோலியின் கண்டுபிடிப்பு தொடங்கியது ஓர் ஏழையின் கோப்பு குப்பைக்குப் போகாததால். கிளினிக் கொப்பியை அடையாள அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். நாளை உங்களுக்கு மருந்து தேடும் வைத்தியர் அங்கிருந்துதான் தொடங்குவார்.