யான் மாட்செலிகர்: உலகின் காலணியை மாற்றிய கறுப்பினத் தொழிலாளி

இன்று ஓட்டக் காலணி ஒன்றை வாங்குவோர் அதன் அடிப்பாகத்தின் மென்மையையும் எடையையுமே பெரிதும் பார்க்கின்றனர். ஆனால், ஓடுபவரின் பாதம் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை எழுகிறது. அப்போது பாதம் நழுவாமல் அடிப்பாகத்தோடு பிணைத்து வைப்பது காலணியின் மேற்பகுதியே. அது சீரற்ற இழுவிசையுடன் பொருத்தப்பட்டால் மடிப்பு விழும், மடிப்பு உராயும், உராய்வு கொப்புளமாகும். இச்சிக்கலுக்கு இயந்திரத் தீர்வு கண்டவர் யான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர் என்னும் கறுப்பினத் தொழிலாளி.

அவர் 1852ஆம் ஆண்டு, டச்சுக் குடியேற்ற நாடான சுரினாமின் பாராமரிபோ நகரில் பிறந்தார். தந்தை டச்சுப் பொறியாளர். தாய் ஆப்பிரிக்க வழிவந்த கறுப்பினப் பெண். அந்நாட்டில் 1863 வரை அடிமை முறை சட்டத்தின் பாதுகாப்புடனேயே நிலவியது. பத்து வயதிலேயே இயந்திரப் பட்டறைக்கு அனுப்பப்பட்ட மாட்செலிகர், பத்தொன்பதாம் வயதில் கப்பலேறினார். சில ஆண்டுகள் கழித்து பிலடெல்பியாவில் கரையேறி, 1877இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரை அடைந்தார். அமெரிக்கக் காலணித் தொழிலின் முதன்மை மையங்களுள் ஒன்று அது.

அங்கே தையல், வெட்டு, அடித்தோல் பொருத்துதல் என எல்லாம் இயந்திரமயமாகிக்கொண்டிருந்தன. ஒரு வேலை மட்டும் கையிலேயே நின்றது. 'லாஸ்ட்' எனப்படும் கால்வடிவ அச்சுக்கட்டையின் மீது மேல்தோலைப் போர்த்தி, குறடால் இழுத்து, விரல் முனையிலும் குதிகாலிலும் சீராக மடித்து, சிற்றாணியால் உள்ளடியோடு அறையும் வேலை அது. எவ்வளவு இழுப்பது என்பதைத் தோலின் தன்மையறிந்த விரல்களே தீர்மானிக்க வேண்டும். தேர்ந்த கைவினைஞர் ஒருவர் பத்து மணி நேரத்தில் ஏறத்தாழ 50 இணைகளை முடித்தார். அத்திறனே அவர்களுக்குப் பேரம் பேசும் வலிமையையும் தந்தது.

பகலில் ஆலையில் தையல் இயந்திரம் இயக்கிய மாட்செலிகர், இரவில் ஆங்கிலமும் இயற்பியலும் கற்றார். கைவினைஞர்களின் விரலசைவுகளை உற்று நோக்கினார். சுருட்டுப் பெட்டிப் பலகை, கம்பி, ஆணி ஆகியவற்றால் முதல் மாதிரியை அமைத்தார். இழுத்தல், மடித்தல், அறைதல் ஆகிய மூன்றையும் வரிசையாகச் செய்த அப்பொறியின் வரைபடங்கள் மிகச் சிக்கலானவை. எனவே, காப்புரிமை அலுவலகம் நேரில் பார்த்து உறுதிசெய்ய ஒருவரை லின் நகருக்கே அனுப்பியது. 1883 மார்ச் 20 அன்று 274,207 என்னும் எண்ணில் காப்புரிமை வழங்கப்பட்டது. மேம்படுத்தப்பட்ட இயந்திரம் நாளொன்றுக்கு 700 இணைகள் வரை முடித்தது. காலணி எளியோருக்கும் எட்டும் பொருளாயிற்று.

ஆனால், பயன் யாரிடம் சேர்ந்தது? இயந்திரத்தை உருவாக்கப் பணமில்லாத மாட்செலிகர், உரிமையில் மூன்றில் இரு பங்கை இரண்டு முதலீட்டாளர்களுக்கு எழுதிக் கொடுக்க நேர்ந்தது. பின்னர் காப்புரிமைகளை நிறுவனப் பங்குகளுக்கு மாற்றாகக் கையளித்தார். கறுப்பர் என்பதால் அந்நகரின் சில தேவாலயங்கள் அவரை ஏற்க மறுத்திருந்தன. ஏற்றுக்கொண்ட ஒரு தேவாலயத்திற்குத் தம் பங்குகளில் ஒரு பகுதியை எழுதிவைத்தார். 1889 ஆகஸ்டில், 37 வயது நிறையும் முன்பே, காசநோய் அவரைக் கொண்டுசென்றது.

அவருடைய காப்புரிமையைக் கைக்கொண்ட நிறுவனம், 1899இல் உருவான யுனைடெட் ஷூ மெஷினரி நிறுவனத்தில் இணைந்தது. அது முக்கிய இயந்திரங்களை விற்காமல் வாடகைக்கு மட்டுமே விட்டது. ஆலைகள் பல்லாண்டுக் குத்தகையில் கட்டுண்டன. சட்டவிரோத ஏகபோகம் என 1953இல் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை அந்தப் பிடி நீடித்தது. கண்டுபிடித்தவருக்குக் கிடைத்தது ஒரு காப்புரிமை எண். மறுபுறம், கைத்திறனைக் கேடயமாகக் கொண்டிருந்த தொழிலாளர்களும் அக்கேடயத்தை இழந்தனர். ஒடுக்கப்பட்ட ஒருவரின் அறிவு, உழைப்போருக்கு எதிரான கருவியாயிற்று. அக்குற்றம் இயந்திரத்தினுடையது அன்று. அதன் உடைமை யாரிடம் இருந்தது என்பதனுடையது.

இன்றைய ஓட்டக் காலணிகளில் சிற்றாணிக்குப் பதிலாகப் பசையும் தையலும் வந்துவிட்டன. ஆயினும் அச்சுக்கட்டையின் மீது மேற்பகுதியை இறுக்கி வடிவமைக்கும் முறை மாறவில்லை. நம் நாட்டில் தோலைப் பதப்படுத்தியதற்காகவும் செருப்புத் தைத்ததற்காகவும் தலைமுறைகளாக இழிவுபடுத்தப்பட்ட சமூகங்களின் கைகளிலும் இதே அறிவு இருந்தது, இருக்கிறது. இழுவிசையும் உராய்வும் அறிந்த அக்கைகளைச் சாதி, அறிவாளியின் கைகளாக ஏற்க மறுக்கிறது. மாட்செலிகரின் வாழ்வு கூறுவது இதுதான்: அறிவை அங்கீகரிப்பது பாதி நீதியே. அவ்வறிவின் உடைமையிலும் பங்கு கிடைத்தால்தான் அது முழுமையடையும்.