மாண்டிசோரி அம்மையாரும் அவர்தம் முதல் மாணாக்கரும்

சீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோயிலையடுத்த வீதியொன்றில் நாம் வாழ்ந்த நாளில், அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவன் ஒருவனை அறிந்திருந்தோம். திருவிழா மேளம் முழங்கத் தொடங்கின் அவன் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான், அணுகினாரைக் கடிப்பான். உற்றார் முதலில் அடித்துப் பார்த்தனர். பின்னர் அறையிலிட்டுப் பூட்டினர். அவன் சீற்றத்திற்குக் காரணம் யாது, அதனைத் தணிக்க வேறு வழியுண்டோ என்று ஒருவரும் வினவினாரில்லை. நாமும் வினவினோமில்லை.

அவ்வினாவை நூற்றிருபது ஆண்டுகட்கு முன்னரே எழுப்பிய மாதரசி ஒருவர், நம் மேற்கு மலைத்தொடரின் கிளையாகிய பழனிமலைமீது, கொடைக்கானலில் சில ஆண்டு வாழ்ந்திருந்தார். மாண்டிசோரி என்னும் பெயரைப் பாலர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் நம் மாணவர் கண்டிருப்பர், அம்மட்டே.

மரியா மாண்டிசோரி 1870 ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 ஆம் தேதி இத்தாலி தேசத்துக் கியாரவல்லே என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெண்டிர் வைத்தியம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தே, 1896 இல் ரோமாபுரிச் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்றார். அதன்பின் மனநோய் மருத்துவசாலையில் உதவி வைத்தியராய் அமர்ந்து, நகரிலிருந்த பித்தர் விடுதிகளைச் சென்று காண்பாராயினர்.

அவ்விடுதிகளில் அறிவு குன்றிய குழந்தைகளும் பித்தரோடு ஒருங்கே அடைக்கப்பட்டிருந்தனர். ஒருநாள் அங்கிருந்த காவற்பெண், இப்பிள்ளைகள் உண்டு முடித்ததும் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகின்றன என்று அருவருப்போடு கூறினாள். அம்மையார் அவ்வறையைச் சுற்றிலும் நோக்கினார். நான்கு சுவர்களன்றி அங்கு யாதொன்றுமில்லை. பிள்ளைகள் கையாற் பற்றுதற்கு அத்துணுக்குகளையன்றி வேறு பொருள் இல்லாதிருந்தது. அது வயிற்றுப் பசியன்று, கைகளின் பசியென்று அவர் உணர்ந்தார். அன்றாடம் அவ்வறையுட் புகுந்து சென்ற மற்றை வைத்தியர் கண்ணுக்கு இஃது ஏன் புலப்படாதாயிற்று என்பது நமக்கு இன்றும் வியப்பே.

இப்பிள்ளைகட்கு மருந்தினும் கல்வியே வேண்டுவது என்று 1898 இல் தூரின் நகரத்து ஆசிரியர் மாநாட்டில் அவர் எடுத்துரைத்தார். அவ்வாண்டிலேயே அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். மணமாகாத தாயாதலின் அவனைப் பிறரிடம் வளரவிட நேர்ந்தது. பிறர் பெற்ற பிள்ளைகளுக்காகப் பகல் முழுதும் உழைத்தவர்க்கு இஃது எத்தகைய வேதனையாயிருந்திருக்கும்!

வழி தேடிய அம்மையார் பிரெஞ்சு வைத்தியர் இருவருடைய நூல்களை நாடினார். முன்னவராகிய இதார், ஆவெரோன் காட்டினின்று பிடிபட்ட விக்தர் என்னும் சிறுவனை 1801 முதற்கொண்டு பயிற்றியவர். அவன் வெகுண்டு விரிப்புகளைக் கடித்துக் கிழித்தபொழுது, இதார் அவனை மேன்மாடச் சாளரத்திற்கு வெளியே தலைகீழாகப் பிடித்து அச்சுறுத்தினார். சிறுவன் வெளிறி நடுங்கி அழுதான், அடங்கினான். இதனை இதாரே எழுதி வைத்துள்ளார். மற்றவராகிய செகென், கையும் கண்ணும் பயிலும்படி கருவிகளை அமைத்து, படிப்படியே கற்பிக்கும் முறையை வகுத்தவர். அவருடைய அறுநூறு பக்க நூலை அம்மையார் தம் கைப்பட இத்தாலிய மொழியில் எழுதி முடித்தார். சாளரத்தை விடுத்தார், கருவிகளைக் கொண்டார்.

1900 இல் ரோமாபுரியில் இத்தகைய பிள்ளைகட்கெனப் பள்ளியொன்று திறக்கப்பட்டது. அம்மையார் அதன் தலைவருள் ஒருவராகி, காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணிவரை தாமே கற்பித்தார். இரவில் அன்று கண்டவற்றைக் குறித்து ஆராய்ந்தார். பித்தர் விடுதியினின்று வந்த பிள்ளைகளுட் சிலர் எழுதவும் படிக்கவும் கற்றுப் பொதுத் தேர்விலும் தேறினர். ஊரார் இதனை அற்புதமென்றனர். அம்மையாரோ, நலமுடைய பிள்ளைகளை எது இத்துணைத் தாழ்வில் நிறுத்தியுள்ளது என்று கவன்றார்.

அக்கவலையே 1907 இல் சான் லொரென்சோ என்னும் ஏழையர் சேரியில் குழந்தைகள் இல்லம் தோன்றக் காரணமாயிற்று. ஆங்கு அவர் கண்ட மௌனப் பாடத்தை ஈண்டுக் குறித்தல் தகும். ஒருநாள் கைக்குழந்தையொன்றை வகுப்பிற்கு ஏந்தி வந்து, அது எவ்வளவு அசைவின்றி இருக்கின்றதென்று பிள்ளைகட்குக் காட்டினார். பிள்ளைகள் தாமும் அசைவற்று மூச்சும் மெல்ல விட்டனர். பின்னர் அடுத்த அறையினின்று ஒவ்வொருவர் பெயரையும் மெல்லெனக் கூற, அவரவர் ஓசையின்றி எழுந்து வந்தனர். அதட்டலால் வந்த அடக்கமன்று அது.

அறிவுத்திறன் குறைந்தோரின் சினத்தையும் அச்சத்தையும் தணிக்கும் உளவழிச் சிகிச்சை இந்நாளில் தனித்துறையாய் வளர்ந்துள்ளது. முகப்படங்களைக் காட்டி உணர்ச்சிகட்குப் பெயர் சொல்லப் பயிற்றுவர், மூச்சை மெல்ல விடப் பழக்குவர், எவ்வொலி, எவ்விடம் கலக்கம் தருகின்றதென்று குறித்து வைப்பர், பேணுவோர்க்கும் கற்பிப்பர். இவை யாவும் அம்மையார் வகுத்தனவல்ல; எனினும் சீற்றத்தைக் குற்றமாகக் கொள்ளாது அதன் காரணத்தை நாடும் நோக்கு அவர் நோக்கோடு ஒத்ததே.

1939 இல் பிரம்மஞான சபையார் அழைப்பிற்கிணங்கி அம்மையார் மரியோவுடன் சென்னை அடையாற்றிற்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் ஆசிரியர் முந்நூற்றுவர் அவரிடம் பயின்றனர். மறுவருடம் இத்தாலி போரிற் புகவே, ஆங்கில அரசினர் மரியோவைச் சிறைமுகாமிலிட்டு, அம்மையாரை அடையாற்று எல்லைக்குள் நிறுத்தினர். அவரது எழுபதாம் பிறந்தநாளன்று மகன் விடுவிக்கப்பட்டான். 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கிப் பல வயதுப் பிள்ளைகளை ஒருங்கே வைத்துக் கற்பித்தார். 1946 இல் ஐரோப்பா மீண்டார்.

ஒரு குறை கூறாதிருத்தல் முறையன்று. 1901 இல் ரோமாபுரிப் பள்ளியை நீங்கிய பின்னர், தம் முதல் மாணாக்கர் போன்ற பிள்ளைகளிடம் அவர் முழுமையாக மீண்டாரில்லை. உலகெங்கும் அவர் பெயரால் எழுந்த பள்ளிகளிற் பெரும்பாலன நலமுடைய பிள்ளைகட்கே ஆயின. அப்பள்ளிகளில் இன்றும் வழங்கும் கருவிகளுட் பல, செகெனிடமிருந்து பெற்று, பித்தர் விடுதிப் பிள்ளைகளின் கைகளில் முதலில் வைத்துப் பார்த்தவையே. அம்மையார் 1952 ஆம் ஆண்டு மே 6 ஆம் தேதி ஹாலந்து தேசத்துக் கடற்கரை ஊராகிய நூர்ட்விக்கில் உயிர்நீத்தார். ஆங்கே அடக்கஞ் செய்யப்பட்டார்.