காவிரியை மீட்ட காட்டன்

தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்த வெள்ளைக்காரர் ஒருவர் உண்டு. அவர்தான் சர் ஆர்தர் காட்டன்.

இங்கிலாந்தில் 1803-ம் ஆண்டு பிறந்தார். 18 வயதில் என்ஜினீயராகச் சென்னைக்கு வந்தார்.

தஞ்சைக்கு அப்போது பெரிய ஆபத்து! திருச்சிக்கு மேற்கே, முக்கொம்பில், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடம் பள்ளம். காவிரியோ மணல் சேர்ந்து மேடாகிவிட்டது. தண்ணீர் பள்ளத்தை நாடி ஓடியது. தஞ்சை வயல்கள் காய்ந்தன.

கொள்ளிடத்தைத் தடுக்கவேண்டும். ஆனால், ஆற்று மணலில் அஸ்திவாரம் நிற்குமா?

காட்டன் கல்லணையை ஆராய்ந்தார். பழந்தமிழர் வித்தை புரிந்தது!

1836-ம் ஆண்டு கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. தண்ணீர் காவிரிக்குத் திரும்பியது. உழவர்கள் மகிழ்ந்தார்கள்.

ஆனால், புதிய தொல்லை ஒன்று வந்தது. இப்போது காவிரியில் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய்ந்து, ஆற்றின் தரையை அரித்தது. 1845-ல் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்புச் சுவர் கட்டினார்கள். அதன் பிறகே இரண்டு ஆறுகளும் அடங்கின.

குறைந்தால் பஞ்சம், மிஞ்சினால் நாசம். இது காவிரி கற்பித்த பாடம்.

பிறகு காட்டன் ஆந்திரத்தில் கோதாவரிக்கும் அணை கட்டினார். 1852-ல் அது முடிந்தது. அங்கே அவருக்குச் சிலைகள் உண்டு.

1899-ம் ஆண்டு, 96-வது வயதில், காட்டன் காலமானார்.