பாரூக் புல்சாரா என்ற பிரெடி மேர்க்குரி

எட்மண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம்மவருள் பலர் இந்நாட்டு மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்த இடம் ஹீத்ரூ விமான நிலையம். அதற்குத் தென்கிழக்கே, விமானங்களின் இரைச்சல் ஓயாத பெல்தம் பகுதியில், கிளாட்ஸ்டன் அவெனியூவில் உள்ள ஒரு சிறிய வீட்டின் சுவரில் 2016ஆம் ஆண்டு நீல நிற நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. அதில் ஒரே மனிதரின் இரண்டு பெயர்கள் உள்ளன. உலகம் அறிந்த பெயர் பிரெடி மேர்க்குரி. அடைப்புக்குறிக்குள் உள்ள பெயர் பிரெட் புல்சாரா. 'குயீன்' என்னும் றொக் இசைக்குழுவின் பாடகரும் பாடலாசிரியருமாகிய இவர், புரட்சிக்கும் கொலைகளுக்கும் அஞ்சிப் பெற்றோருடன் இடம்பெயர்ந்து அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு பதினேழு வயது இளைஞர் என்பதை அவருடைய பாடல்களைக் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

பாரூக் புல்சாரா 1946ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி கிழக்காபிரிக்கக் கரையை அடுத்த சன்சிபார் தீவில் பிறந்தார். தந்தை பொமி, பிரித்தானிய ஆட்சியின் கீழ் காசாளராகப் பணியாற்றியவர். தாய் ஜெர். குடும்பம் குஜராத்தைச் சேர்ந்த பார்சிக் குடும்பம். பார்சிகளின் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பேணிவந்த சரதுஸ்திர சமயத்தைக் காப்பதற்காகப் பாரசீகத்தை விட்டு இந்தியக் கரையை அடைந்தவர்கள். ஆகவே இடப்பெயர்வு என்பது அக்குடும்பத்தின் நினைவில் பழையதொரு செய்தியாகும்.

எட்டு வயதளவில் பாரூக், பம்பாய்க்குத் தெற்கே மலைநகராகிய பஞ்சகனியில் இருந்த சென் பீற்றர்ஸ் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். பெற்றோரைக் காண்பதற்குக் கடல் கடந்து செல்ல வேண்டிய தொலைவு. அங்கேதான் பியானோ கற்றார். சக மாணவர்களுடன் சேர்ந்து சிறு இசைக்குழு ஒன்றில் வாசித்தார். பிரெடி என்ற அழைப்புப் பெயரும் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

1963இல் அவர் சன்சிபார் திரும்பினார். அவ்வாண்டு டிசெம்பரில் தீவு சுதந்திரம் பெற்றது. ஒரு மாதம் கழிந்து, 1964 ஜனவரி 12ஆம் திகதி புரட்சி வெடித்துச் சுல்தானின் ஆட்சி கவிழ்ந்தது. அராபியரும் இந்திய வம்சாவளியினருமாக ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டிலேயே புல்சாரா குடும்பம் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. நமக்கு நேர்ந்ததுபோல அவர்கள் தஞ்சக் கோரிக்கை எழுதிக் காத்திருக்க நேரவில்லை. பிரித்தானியப் பிரசைகள் என்ற உரிமை அவர்களுக்கு இருந்தது. ஆயினும் வந்திறங்கிய பின் வாழ்க்கை நாம் அறிந்த வாழ்க்கையே. தந்தை கணக்குப் பதிவு வேலைக்கும் தாய் கடை வேலைக்கும் சென்றனர். மகன் விடுமுறைக் காலங்களில் விமான நிலையத்தில் உழைத்தார்.

கலைக்கல்லூரியிலிருந்து மேடைக்கு

உத்தியோகத்தையே வாழ்வின் பாதுகாப்பாகக் கருதிய அந்தக் குடும்பத்தின் பிள்ளை, 1966இல் ஈலிங் கலைக்கல்லூரியில் வரைகலை பயிலச் சேர்ந்தார். 1969இல் படிப்பை முடித்தார். கென்சிங்டன் சந்தையில் நண்பர் றோஜர் டெய்லருடன் சேர்ந்து பழைய ஆடைகள் விற்றார். டெய்லர் மேளம் வாசிப்பவர். அவரும், இம்பீரியல் கல்லூரியில் பௌதிகம் பயின்ற கித்தார்க் கலைஞர் பிரையன் மேயும் நடத்திய குழுவில் 1970இல் பிரெடி பாடகராக இணைந்தார். 'குயீன்' என்று அதற்குப் பெயரிட்டவர் அவரே. குழுவின் சின்னத்தையும் அவரே வரைந்தார். மறு ஆண்டு இலத்திரனியல் மாணவராகிய ஜோன் டீக்கன் இணைந்ததும் நால்வர் குழு நிறைவடைந்தது.

அக்காலத்திலேயே அவர் புல்சாரா என்ற குடும்பப் பெயரைக் கைவிட்டு மேர்க்குரி என்பதைச் சூடிக்கொண்டார். அன்றைய இங்கிலாந்தை நினைவிற் கொள்ள வேண்டும். 1968இல் கென்யாவிலிருந்து வந்த ஆசியர்களைத் தடுப்பதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் ஈனொக் பவல் குடியேறிகளுக்கு எதிராக ஆற்றிய உரை நாட்டைக் கொதிப்படையச் செய்தது. தெற்காசிய முகத்துடன் றொக் மேடையில் முன்னணிப் பாடகராக நின்றவர் எவரும் அன்று இல்லை எனலாம். தன் பிறப்பைப் பற்றி அவர் பேட்டிகளில் மிகக் குறைவாகவே பேசினார். நம் பிள்ளைகளும் பாடசாலை இடாப்பில் தம் பெயரைச் சுருக்கிக்கொள்வதை நாம் காண்கிறோம். அதனை அவமானம் என்று ஏசும் பெற்றோர், அச்சுருக்கத்துக்குப் பின்னால் உள்ள அச்சத்தையும் ஆசையையும் ஒருங்கே நோக்குதல் நன்று.

குழுவின் முதல் இசைத்தட்டு 1973இல் வெளிவந்தது. 1975 ஒக்ரோபர் இறுதியில் வெளிவந்த 'பொகீமியன் ரப்சடி' அவரை உலகறியச் செய்தது. ஏறத்தாழ ஆறு நிமிடப் பாடல். திரும்பத் திரும்ப வரும் பல்லவி அதில் இல்லை. மெல்லிசையாகத் தொடங்கி, ஒப்பெரா நாடக இசையாக விரிந்து, முழு வேக றொக் இசையாக வெடித்து, மீண்டும் அமைதியில் ஒடுங்குகிறது. மூவர் தம் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடவை பதிவுசெய்து, பெரியதொரு பாடகர் கூட்டத்தின் ஓசையை உண்டாக்கினர். வானொலிக்கு இது மிக நீளம் என்ற எதிர்ப்பைத் தாண்டி, பிரித்தானியப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது.

1985 யூலை 13ஆம் திகதி எதியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக வெம்பிளி அரங்கில் நிகழ்ந்த 'லைவ் எயிட்' நிகழ்ச்சியில் குயீன் குழுவுக்குக் கிடைத்தது சுமார் இருபது நிமிடமே. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் அவருடைய குரலுக்கு எதிர்க்குரல் கொடுத்தும் கைதட்டியும் ஒரே இசைக்கருவி போல இயங்கினர். மேடைக்கலையின் உச்சமாக அது இன்றும் பேசப்படுகிறது.

குறையும் கூறப்பட வேண்டும். 1984இல் குயீன் குழு தென்னாபிரிக்காவின் சன் சிற்றியில் பாடியது. இனஒதுக்கல் ஆட்சிக்கு எதிராக உலகக் கலைஞர்கள் கடைப்பிடித்த புறக்கணிப்பை மீறிய செயல் அது. பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கம் அக்குழுவுக்கு அபராதம் விதித்தது. இனத்தின் பேரால் நிகழ்ந்த வன்முறையினால் வீடிழந்த ஒருவர் அம்மேடையில் ஏறியதை நம்மால் எளிதில் ஏற்றுக்கொள்ள இயலாது.

மௌனத்தின் விலை

பெண்ணொருத்தியுடன் நீண்ட காலம் வாழ்ந்த அவர், பின்னர் ஆண்களுடன் வாழ்ந்தார். அதனைப் பகிரங்கமாக அறிவித்ததில்லை. 1987இல் எச்.ஐ.வி. தொற்று உறுதியானது. நான்கு ஆண்டுகள் அச்செய்தியை மிக நெருங்கியவர்களிடம் மட்டுமே பகிர்ந்துகொண்டு, உடல் மெலிய மெலியப் பாடல் பதிவுகளைத் தொடர்ந்தார். பத்திரிகைகள் அவருடைய வீட்டு வாசலில் காத்துக் கிடந்தன. 1991 நவம்பர் 23ஆம் திகதி தமக்கு எயிட்ஸ் நோய் இருப்பதை அறிக்கை மூலம் வெளியிட்டார். மறுநாள் மாலை காலமானார். வயது 45.

அந்நோயைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள் 1996 அளவிலேயே பயன்பாட்டுக்கு வந்தன. இன்று உரிய காலத்தில் மருந்து தொடங்குபவர் ஏனையோரைப் போலவே நெடுநாள் வாழலாம். 2012 ஒக்ரோபர் முதல் இங்கிலாந்தில் இச்சிகிச்சை, வதிவிட அனுமதி எந்நிலையில் இருப்பினும், அனைவருக்கும் இலவசம். தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவருக்கும் இது பொருந்தும். நம் சமூகத்தில் இந்நோயின் பெயரையே உச்சரிக்கத் தயங்கிப் பரிசோதனைக்குப் போகாதிருப்போர் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

நவம்பர் 27ஆம் திகதி மேற்கு இலண்டன் தகனசாலையில் அவருடைய இறுதிக் கிரியைகள் நடந்தன. உலக மேடைகளில் மேர்க்குரியாக நின்றவருக்குப் பார்சிக் குருமார் முன்னோரின் மொழியில் மந்திரம் ஓதினர். பெற்றோர் அருகே இருந்தனர். அவர் தம் சமயச் சடங்குகளை நாள்தோறும் கடைப்பிடித்தவர் அல்லர். ஆயினும் பெற்றோருடன் உறவை ஒருநாளும் அறுத்துக்கொண்டதில்லை. அவர்களும் மகனைத் தள்ளிவைத்ததில்லை. பெயரை மாற்றியவனும் தம் வழியை விட்டு விலகியவனும் அவர்களுக்குப் பிள்ளையாகவே இருந்தான்.

தந்தை 2003இல் மறைந்தார். தாயார் ஜெர், பெல்தம் வீட்டுச் சுவரில் நினைவுப் பலகை பதிக்கப்பட்ட அதே 2016ஆம் ஆண்டு நவம்பரில், தமது 94ஆவது வயதில் காலமானார். மகன் ஒதுக்கிவைத்த குடும்பப் பெயர் அவனுடைய புகழ்ப் பெயருக்குக் கீழே பொறிக்கப்பட்டதன் பின்னரே அந்த அன்னை கண்மூடினார்.